கை நீட்டித் திரும்பும் கார்

நண்பர்களே, இன்று காலை தருமபுரி நாலு ரோட்டில் ஒரு போலீஸ்காரர் என் காரை நிறுத்தினார்.

1953 மாடல் சின்னக் கார். பொம்மிடியில் ஒரு ஷெட்டில் கோழிகள் அடையக் கிடந்ததை வாங்கி, இரண்டு வருஷம் சரிசெய்து, இந்த 1987 பொங்கலுக்குத்தான் ஓடவிட்டேன்.

“இண்டிகேட்டர் லைட்டே இல்லீங்களே. மாட்டிட்டு அப்புறம் ரோட்டுக்கு வாங்க” என்றார்.

லைட் மாட்டப் பாடியில் துளை போட வேண்டும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

சுவிட்சைத் திருப்பினேன். காரின் கதவை ஒட்டிய சட்டத்திலிருந்து ஒரு சாண் நீளக் கை வெளியே நீண்டு, ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. இந்தக் கார் வந்த காலத்தில் இதுதான் இண்டிகேட்டர்.

“இன்னொருக்கா காட்டுங்க” என்றார். பின்னால் நின்ற ஒகேனக்கல் பஸ்ஸின் டிரைவரும் இறங்கி வந்து பார்த்தார்.

என் பக்கத்தில் இருந்த எலக்ட்ரீசியன் பஷீர் பாய்க்குப் பொறுக்கவில்லை. “ஒரு பக்கத்துக் கை தொலைஞ்சு போச்சுங்க சார். இன்னொன்னப் பாத்து நான்தான் செஞ்சேன். எது புதுசுன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

போலீஸ்காரர் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு, பழையதைக் காட்டி, “இதுதானுங்களே” என்றார்.

வீடு வரும்வரை பாய் சிரித்துக்கொண்டே வந்தார்.

உங்கள் ஊரில் இப்படிக் கை நீட்டும் கார் இருந்தால் ஒரு கார்டு போடுங்கள். கை ஒடிந்திருந்தாலும் பரவாயில்லை, பாய் இருக்கிறார்.