இரண்டு பக்கமும் தண்ணீர்

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து, எனக்குக் கருக்குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று எக்ஸ்ரே பார்த்த ஒரு டாக்டர் சொன்னார். அதன்பிறகு இரண்டு மாதம் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கோவில்பட்டியில் இன்னொரு டாக்டரம்மா, "குழாய் சுருங்கிக்கிட்டாலும் படத்துல அடைப்பு மாதிரிதான் தெரியும். ஸ்கேன்ல தண்ணி விட்டுப் பாத்துருவோம்" என்றார்.

துணைக்கு மாமியாரை உள்ளே விட்டார்கள். கரிசல் காட்டில் உளுந்தும் பருத்தியும் போடுகிறவர். ஆஸ்பத்திரி என்றாலே பயப்படுகிற அவர், என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். மெல்லிய குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் உப்புத்தண்ணீர் போனபோது அடிவயிறு சுருக்கென்று வலித்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாருங்க, ரெண்டு பக்கமும் தண்ணி வெளிய வந்துட்டு. அடைப்பே இல்ல" என்று டாக்டரம்மா திரையைத் திருப்பினார்.

அந்தச் சாம்பல் நிறப் படத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ஏட்டி, தண்ணி பாயுதுட்டி!" என்று பக்கத்துக் காட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

சத்தம் கேட்டு, வெளியே இருந்த என் கணவர் பதறிப்போய்க் கதவைத் தட்டினார். "நல்ல சேதிதாம்லே, அங்கனயே இரு!" என்று அத்தை உள்ளிருந்தே பதில் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆடாதீங்கம்மா, இன்னும் முடியல" என்று டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

மகள் பிறந்தது அடுத்த வருஷம்தான். ஆனால் சந்தோஷம் அன்றைக்கே வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம் அத்தை என் கருக்குழாய்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் தடுக்கவில்லை.