கரும்பு வண்டி ஓடாத நாள்

"தேன்மொழி மேடம் பூட்டாங்க சார்" என்று ஆய்வக உதவியாளர் போனில் சொன்னபோது, கச்சிராயபாளையம் பஸ்ஸில் இடம் பிடிக்கிற மும்முரத்தில், "எந்த ஊருக்கு?" என்று கேட்டுவிட்டேன். நகைச்சுவை எழுதுகிறவனுக்கு வாய் அப்படித்தான் முந்தும். மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் புரிந்தது.

எங்கள் கல்லூரியில் தேன்மொழி இயற்பியல், நான் தமிழ். எங்களுக்குப் பொதுவானவை டீயும் ஊர்வம்பும். அவர் வேலையை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். கண்ணாடித் துண்டில் மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய கோடுகள். நுண்ணோக்கியில் பார்த்தால் வெறும் மங்கல். அதன்மேல் லேசரைப் பாய்ச்சி, சிதறும் ஒளியை வைத்தே கோட்டின் அகலத்தைச் சொல்லும்படி கணினியில் நரம்பு வலைப்பின்னல் என்கிற, காட்டக் காட்டக் கற்றுக்கொள்ளும் நிரல் ஒன்றைப் பழக்கியிருந்தார். "நாம காட்டுனதத்தான் சார் கத்துக்கும். பாடத்தையும் கத்துக்கும், பக்கத்து வூட்டுச் சண்டையையும் கத்துக்கும்" என்பார்.

அவருடையது ஒப்பந்தப் பணி. வெளியூர் நிபுணர்கள் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் வேலை நீடிக்கும். அவர்கள் வந்த காலையில், அகலம் தெரிந்த துண்டு ஒன்றை வைத்துச் சோதித்தார். தப்பான விடை. மறுபடி வைத்தார். அதே தப்பு. நிபுணர்கள் முதல்வர் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் டீயோடு அவர் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இன்னா சார், இன்னிக்கு இவ்ளோ அமைதியா இருக்குது?"

"ஆலையில கரும்பு அரவை முடிஞ்சிடுச்சி மேடம். கரும்பு வண்டிங்க ஓடல."

அவர் மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவர் அதைப் பழக்கிய மாதங்களெல்லாம் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் வாசல் சாலையை அதிரவைத்துக்கொண்டிருந்தன. மேசை அதிர்ந்தது, ஒளியும் அதிர்ந்தது. அந்த நடுக்கத்தையும் சேர்த்தே அது படித்திருந்தது.

"என் மச்சாங்கிட்ட டிராக்டர் இருக்குது மேடம். லோடோட வாசல்ல நாலு ரவுண்டு வுடச் சொல்றேன்" என்றேன். சொல்லும்போதே போன் போட்டுவிட்டேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சன்னல் வழியே சாலையையே பார்த்தார். வராந்தாவில் செருப்புச் சத்தம் நெருங்கியது. போனில் மச்சான் "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தான். அவர் கையை நீட்டி, போனை வாங்கி அணைத்தார்.

"ரோட்ல வண்டி ஓடுனாத்தான் அளவு வரும்னா, அது அளக்கலீங்க சார்."

உள்ளே வந்தவர்களிடம், "இன்னைக்கு இது தப்பாச் சொல்லுதுங்க. ஏன்னு இப்பத்தான் தெரிஞ்சிது" என்று தொடங்கினார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். வேலையை நீட்டிக்கவில்லை.

பிறகு ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டே, விடுமுறைகளில் கல்லூரிக்கு வந்து, வண்டி ஓடும்போதும் ஓடாதபோதும் அதை மறுபடி பழக்கினார். இன்று எங்கள் மாணவர்கள் அளப்பது அதை வைத்துத்தான். பணி மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இரங்கல் கூட்டத்தில், நேர்மை அவருக்கு மூச்சுவிடுவது போல என்றார்கள். நானும் எழுந்து டிராக்டர் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த டிராக்டர் அவருக்கு வேண்டியிருந்தது. மச்சான் கத்திக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம் அவர் சாலையைப் பார்த்தாரே, அந்தப் பார்வையைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.