நல்ல சட்டைக்கு ஸ்டிக்கர் இல்லை

தையல் கம்பெனியில் அவருக்கு செக்கிங் வேலை. தைத்து வந்த சட்டையை மேஜையில் விரித்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து, தையல் பிசகிய இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நல்ல சட்டைக்கு ஸ்டிக்கர் கிடையாது. பேசாமல் அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடலாம். கடைசியில் அவர் பெயரே 'ஸ்டிக்கர்' என்றாகிவிட்டது.

அட, வேலையைக் கம்பெனியோடு விட்டிருக்கலாம் அல்லவா? மனுஷன் அதை வீட்டுக்கும் சர்ச்சுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். பிரசங்கம் முடித்துவிட்டுப் போதகர் கை கொடுக்க வந்தால், "அய்யா, மூணாவது பாயிண்ட்ட பாதியில விட்டுட்டீங்க" என்பார். வீட்டு ஜெபத்தில் மனைவி ஆமென் சொல்லி வாய் மூடுவதற்குள், "அந்த வசனம் சங்கீதத்துல இல்ல, ஏசாயாவுல இருக்கு" என்பார். அவள் உருகி ஜெபிக்கிற நாளில்? ஒன்றும் சொல்ல மாட்டார். நல்ல சட்டைதானே! கொஞ்சம் கொஞ்சமாக அவள் சத்தமாக ஜெபிப்பதையே விட்டுவிட்டாள். தையல் பிசகினால் தப்பாமல் பிடிக்கிறவருக்கு இது கண்ணில் படவே இல்லை.

இப்போது அவர் தொண்டையில் ஒரு கட்டி. புதன்கிழமை ஆபரேஷன். எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று தெரியும் என்கிறார் டாக்டர். அவர் சாப்பிட்டுக் கை கழுவியதும் மனைவியைக் கூப்பிட்டார்.

"எனக்காக ஒரு ஜெபம் பண்ணேன்."

"மனசுக்குள்ள பண்ணிக்கிட்டுதாங்க இருக்கேன்."

"சத்தமா பண்ணு. நான் கேக்கணும்."

"நீங்க கேப்பீங்கன்னுதாங்க பயமா இருக்கு."

அவள் குத்திப் பேசவில்லை, உள்ளதைச் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. கட்டிக்கொண்டவள் தனக்குப் பயந்து கடவுளிடம்கூட வாய் திறக்காமல் இருந்திருக்கிறாளே என்று நெஞ்சு கனத்தது. எழுந்து, தன் முகம் அவளுக்குத் தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஆண்டவரே..." அவள் ஆரம்பித்தாள். "வியாழக்கிழமை இவருக்கு ஆபரேஷன். பக்கத்துலயே இருந்து பாத்துக்கோங்க. இவர விட்டா எனக்கு யாரு இருக்கா..."

வியாழன் இல்லை, புதன்! நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் ஆமென் சொன்னாள்; அவரும் சொன்னார்.

"நல்லா ஜெபம் பண்ணினே" என்றார் சுவரைப் பார்த்தபடியே. சொல்லிப் பழகாத வார்த்தை.

திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அடுத்து வரப்போகும் "ஆனா"வுக்காகக் காத்து நின்றிருந்தாள்.