அதுவரை நான் முழுங்கிப் பார்க்காத மாத்திரை

இருபது வருஷத்துக்கு முன்னாடி புதுச்சேரியில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நர்ஸாக இருந்தேன். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் செல்விக்கு அப்போது ஆறாம் மாசம். ரத்தம் ரொம்பக் குறைவு. நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளோ அவள் வீட்டு ஊறுகாய் பாட்டிலில் அப்படியே கிடந்தன.

"பிள்ளைக்கு ஏதாவது ஆனா யாரு பொறுப்பு?" என்று கத்தினேன்.

"வெறும் வயித்துல இதப் போட்டுட்டு மார்க்கெட்டுல ஒக்காந்து பாருங்க சிஸ்டர், தெரியும்" என்றாள்.

கோபத்தில் அவள் எதிரிலேயே ஒன்றை முழுங்கினேன். நானும் காலையில் சாப்பிட்டிருக்கவில்லை. நாலு வீடு தாண்டுவதற்குள் வயிற்றைப் பிரட்டியது. சாக்கடையோரம் குந்தி வாந்தி எடுத்தேன். ஓடிவந்து என் தலையைப் பிடித்துக்கொண்டவள் செல்விதான்.

வாயைக் கழுவிக்கொண்டே, "நீ வயிறாரச் சோறு திங்கிறது எப்போ?" என்று கேட்டேன்.

"ராத்திரிதான் சிஸ்டர்."

"அப்போ சாப்பிட்டுட்டுப் போடு."

போட்டாள். பிள்ளை நல்ல எடையோடு பிறந்தது. எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. அவளுக்கு முன்னால் எத்தனையோ பேரிடம் "மாத்திரை போட்டியா?" என்று மட்டும் கேட்டு, தலையாட்டியதும் கார்டில் டிக் அடித்திருக்கிறேன். அவர்கள் வீட்டு ஊறுகாய் பாட்டில்களை நான் திறந்து பார்த்ததே இல்லை.