கொம்பைப் பிடிக்க ஒரு ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிப்பக்கா தன் ஆடுகளுக்கு நகம் வெட்டுவாள். குளம்பு என்பதுதான் சரியான சொல். அவளுக்கு அது நகம்தான். பின்வாசல் படியில் உட்கார்ந்து, மடியில் பழைய துண்டு ஒன்றை விரித்து, ஆட்டின் முன்காலைத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொள்வாள். பக்கத்தில் செடி வெட்டுகிற சின்னக் கத்தரி, தேய்ந்துபோன பல் பிரஷ், ஒரு கிண்ணம் வெந்நீர். முதலில் பிரஷால் இடுக்கில் இருக்கும் அழுக்கை எடுக்க வேண்டும். பிறகு ஓரத்தில் மடிந்து வளர்ந்திருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் ரத்தம்.

சீமாட்டி என்கிற வெள்ளைப் பெட்டை, ரத்த அழுத்தம் பார்க்கக் கை நீட்டுகிறவளைப் போல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காலைக் கொடுத்துவிடும். வக்கீல் அப்படியில்லை. காயடித்த ஆண். நான்கு காலுக்கும் தனித்தனியாக வாதாடும்.

“ஆச்சு, ஆச்சு. தீர்ப்பு சொல்லியாச்சு. அடுத்த காலைக் குடு” என்பாள் மடிப்பக்கா.

ஐம்பத்திமூன்று வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் போர்வையும் விரிப்பும் மடிக்கிறாள். பஸ் டிக்கெட்டைக்கூட நாலாக மடித்து வைப்பாள் என்பதால் அங்கே வைத்த பெயர் அது. கல்யாணமாகி ஒன்பது மாதத்தில் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஏன் என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். இப்போது கேட்க யாரும் இல்லை.

அப்பா போவதற்கு முன்பே வீட்டின் நடுவே சுவர் எழுப்பி, பின்னால் இருந்த காலியிடத்தில் கம்பி வேலியும் போட்டு, பாதி அவளுக்கு, பாதி அண்ணனுக்கு என்று ஆக்கிவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் மந்தை. சரியாகச் சொன்னால் அண்ணியின் மந்தை. பதினான்கு இருந்து இப்போது பதினொன்று.

அந்தப் பதினொன்றையும் அவள் பார்க்காமல் இருக்கத்தான் பார்ப்பாள். ஆனால் படியில் உட்கார்ந்தால் நேர் எதிரே அவைதான். முடி சடைபிடித்து வயிற்றுக்குக் கீழே தொங்கும். கொட்டகை பெருக்கி எத்தனை நாளாயிற்று என்று யாருக்கும் தெரியாது. குளம்புகள் வளர்ந்து, முன்னால் வளைந்து, அளவில்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது போல நடந்தன. இரண்டு ஆடுகள் முன்னங்காலை மடக்கி முட்டி போட்டே தின்றன. அண்ணன் காலையில் ஒரு கட்டுத் தீவனத்தைப் போட்டுத் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார். அதோடு சரி.

அண்ணன் ஓர் அலுவலகக் கட்டடத்தில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ஓட்டியவர். ஒரு நாளைக்கு நானூறு பேரோடு தோள் இடிக்க நின்றாலும், எத்தனையாவது மாடி என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஓய்வு பெற்று வந்தபோது லிஃப்டில் உட்கார்ந்திருந்த வட்ட ஸ்டூலையும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டிலும் அதே ஸ்டூல், அதே பேச்சு. “சுவத்துகிட்ட பேசினாலும் எதிரொலியாவது வரும்மா” என்று அண்ணி சொல்லிச் சிரிப்பாள். ஒருநாள் சிரிக்காமல் சொன்னாள். பிறகு மகளின் பிரசவத்துக்கு என்று வெளியூர் போனாள். குழந்தைக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது.

கிளம்புகிற அன்று, தாய் செத்துப் புட்டிப்பாலில் வளர்ந்துகொண்டிருந்த இரண்டு குட்டிகளை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தாள். “இதுங்களுக்கு வேளாவேளைக்கு ஊட்டணும். அவருக்கு வராது. நீ வெச்சுக்க.” அவைதான் சீமாட்டியும் வக்கீலும்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அண்ணி போன் செய்வாள். ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லி விசாரிப்பாள். ஒத்தக்காது எப்படி இருக்கு? புள்ளிக்கு இருமல் நின்னுச்சா? கிழவி திங்கிறாளா? அந்தக் கிடா இன்னும் எல்லாரையும் முட்டுதா? “எல்லாம் நல்லா இருக்கு அண்ணி” என்பாள் மடிப்பக்கா. கிழவி செத்து ஒன்பது மாதமாகியும் போனில் மட்டும் நன்றாகத் தின்றுகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அண்ணிக்கு மனசு கஷ்டப்படும் என்பது ஒரு காரணம். ஆடுகளைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்றால் அந்த போனும் நின்றுவிடுமே என்பது இன்னொன்று. வாரத்தில் அவளுக்கு வரும் ஒரே போன் அது.

அண்ணனைப் பற்றி அண்ணி ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒருமுறை வேலியோரம் நின்று மடிப்பக்காவே அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். “அண்ணா, இந்த ஆடுகளைக் கொஞ்சம் பாருங்க. பாவமா இருக்கு.”

அண்ணன் தண்ணீர்க் குழாயை மூடினார். “அவ வந்து பாக்கட்டும்” என்றார். இரண்டு வருடத்தில் அவர் அவளிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆடுகள் இந்தக் கதியில் இருப்பது சோம்பேறித்தனம் இல்லை. அவர் காத்திருக்கிறார். ஆடு என்றால் உயிரை விடுகிறவளுக்கு என்றாவது சேதி போகும், பதறிக்கொண்டு வருவாள் என்று. சேதி சொல்லக்கூடிய ஒரே ஆளோ வாரம் தவறாமல் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படியே போயிருக்கும், சீமாட்டி வேலி தாண்டாமல் இருந்திருந்தால்.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது வக்கீல் மட்டும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. சீமாட்டி அந்தப் பக்கம், அழுக்குக் கொட்டகையில், முட்டி போட்டுத் தின்னும் ஆடு ஒன்றின் முதுகில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. வேலிக்கு மேலே கிண்ணத்தை ஆட்டினாள். நறுக்கிய காரட்டைக் காட்டினாள். சீமாட்டி பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடி தாடையை வைத்துக்கொண்டது. கிடாவுக்காகப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கிடாவை அது பக்கத்திலேயே விடவில்லை.

மறுநாள் சலவைக் கூடத்தில், விரிப்பின் அந்த முனையைப் பிடிக்கிறவளிடம் சொன்னாள். அவளுக்குப் பெயர் ரேடியோ. கை மடிக்கும், வாய் நிற்காது.

“பொண்ணு ஓடிப்போச்சுன்னு சொல்லுங்க. கம்ப்ளைன்ட் குடுக்கலாமா?”

“சிரிக்காதடி. அங்க ஒழுங்கா தீனிகூட இல்ல.”

“இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கூட படுக்க நாலு ஜீவன் இருக்குல்ல. நீங்க வெந்நீர்ல கால் கழுவி விடுவீங்க, அப்புறம் எட்டு மணி நேரம் இங்க வந்துடுவீங்க. அதுக்கும் போரடிக்கும்ல, அக்கா?”

அக்கா முனையோடு முனை சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை சீமாட்டி நொண்டியது. வேலியோரம் வந்தபோதே வாடை அடித்தது. குளம்பு அழுகல். அந்த மந்தையில் பாதிக்கு மேல் இருந்த நோய் இதற்கும் ஒட்டிவிட்டது. மாட்டு டாக்டரிடம் ஓடினாள். மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் காலை முக்க வேண்டும், ஆனால் அழுகியதை வெட்டி எடுக்காமல் மருந்து ஏறாது என்றார் அவர். “ஒண்ணுக்கு மட்டும் செஞ்சு பிரயோஜனமில்ல. மொத்தத்துக்கும் செய்யணும். பிடிக்க ஒரு ஆள், வெட்ட ஒரு ஆள். உங்ககிட்ட ஆள் இருக்கா?”

“இருக்கு” என்றாள். வெளியே வந்த பிறகு யோசித்தாள், யாரைச் சொன்னோம் என்று.

சனிக்கிழமை தனியாகத்தான் வேலிக்கதவைத் திறந்து உள்ளே போனாள். சீமாட்டியைப் பிடிப்பது சுலபம். ஆனால் இரண்டு வருடமாக யார் கையும் படாத ஆடுகள் அவள் கத்தரியைக் கண்டதும் சிதறின. ஒத்தக்காதின் காலைப் பிடித்தவள் அதோடு சேர்ந்து சேற்றில் நாலடி போனாள். முழங்கை சிராய்த்தது. எழுந்து பார்த்தபோது ஜன்னலில் அண்ணன். அவர் பார்வையும் ஆட்டின் பார்வையும் ஒன்றுபோலவே இருந்தன.

“ஒரு கை பிடிங்க அண்ணா.”

ஜன்னலில் யாரும் இல்லை.

ஞாயிறு நான்கு மணிக்கு போன் வந்தது.

“ஒத்தக்காது எப்படி இருக்கா?”

“சரியில்ல அண்ணி.”

“என்ன, வயித்தாலயா?”

“எதுவுமே சரியில்ல. எல்லாத்துக்கும் கால் அழுகுது. கிழவி செத்துப்போச்சு.”

“எப்ப?”

“போன வருஷம்.”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. “போன வாரம்கூட நல்லா திங்கிறான்னு சொன்னியேம்மா.”

“சொன்னேன்.”

பிறகு அண்ணி பேசினாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. “நான் வந்தா ஆட்டுக்காக வந்ததா இருக்காதும்மா. திரும்பி வந்ததா ஆயிடும். உனக்குத் தெரியும்ல? முடிஞ்சா மருந்து போடு. முடியலன்னா, பாத்துக்கறவங்க யார்கிட்டயாவது குடுத்துடு. நான் சொன்னேன்னு குடுத்துடு.”

“அடுத்த வாரம் பேசுவீங்களா அண்ணி?”

“பாக்கலாம்மா” என்றாள். குழந்தை அழ ஆரம்பித்தது. போன் நின்றது.

முகத்தைக் கழுவிக்கொண்டு, சுவரைச் சுற்றி, அண்ணன் வீட்டு முன்கதவு வழியாகப் போனாள். அறையில் கட்டில், மேஜை, மூடாமல் விட்ட மாத்திரைப் புட்டி. அண்ணியின் சேலை ஒன்று கொக்கியில் தொங்கிய இடத்திலேயே வெளுத்திருந்தது. அண்ணன் ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். லிஃப்டிலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

“அண்ணிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கிழவி செத்ததையும் சொல்லிட்டேன். வரமாட்டாங்க அண்ணா. எல்லா ஆடும் செத்தாலும் வரமாட்டாங்க. யார்கிட்டயாவது குடுத்துடச் சொல்லிட்டாங்க. நான் குடுக்கப் போறதில்ல. நாளைக்கு லீவு போட்டிருக்கேன். காலையில வெட்ட ஆரம்பிச்சுடுவேன்.”

அவர் திரும்பவில்லை. அவள் தன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு வாளி மயில்துத்தத் தண்ணீரோடு அவள் வேலிக்கதவைத் திறந்தபோது, கொட்டகை நடுவில் ஸ்டூல் கிடந்தது. அதன் மேல் அண்ணன். முழங்கால்களுக்கு நடுவே ஒத்தக்காது, இரண்டு கொம்பும் அவர் கையில். ஆட்டம் அசைவு இல்லை. மூடப்போகிற கதவை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்திப் பழகிய கை அது.

எட்டு மணிக்கு ஆரம்பித்தது சாயங்காலம் வரை போயிற்று. வளைந்த குளம்பை வெட்டுவது பெரிதில்லை. உள்ளே கருத்து அழுகியிருப்பதைச் சுரண்டுவதுதான் பெரும்பாடு. வாடை தாங்காமல் இரண்டு முறை எழுந்து போய் வந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வோர் ஆடும் முடிந்ததும், அதைத் தண்ணீரில் நிறுத்தி எடுத்து விட்டபின், எண்ணிக்கையை மட்டும் சொன்னார். “மூணு.” யாரோ இறங்குவதற்கு இடம் விடுவது போல ஒரு நொடி நிற்பார். பிறகு அடுத்த ஆடு. “ஏழு” என்றபோது மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

கடைசியில் சீமாட்டி. யாரும் பிடிக்காமலே காலை நீட்டியது.

“பன்னெண்டு” என்றார் அண்ணன். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த சில நாட்களில் நொண்டல் குறைந்தது. கொட்டகையை யார் பெருக்கினார்கள் என்று அவள் கேட்கவில்லை. பெருக்கியிருந்தது. வேலிக்கதவை அவள் திறந்தே விட்டாள், சீமாட்டி வரட்டும் என்று. சீமாட்டி வந்தது. காலையில் வந்து கிண்ணத்தில் இருப்பதைத் தின்றுவிட்டு, கன்னத்தை அவள் இடுப்பில் ஒரு தடவை உரசிவிட்டு, திரும்பிப் போனது. வியாழக்கிழமை வக்கீலும் கூடவே போய்விட்டது. ராத்திரி தூக்கத்தில் அது செருமும் சத்தம் கேட்டே பழகிய காது. சத்தம் இப்போதும் வந்தது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை பதிமூன்று ஆடுகளின் கால்களுக்கு முன்னால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், துணி துவைத்தாள். நான்கு மணிக்குக் காய்ந்த துணிகளை உள்ளே கொண்டுவந்து கட்டிலில் போட்டாள். போனை மேஜையில், கண்ணுக்குப் படுகிற மாதிரி வைத்திருந்தாள். நான்கேகால். நாலரை.

பின்கதவில் நிழல் தட்டியது. அண்ணன். இந்தச் சுவர் வந்த பிறகு இந்தப் பக்கம் அவர் வந்தது இல்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். நிற்கிறவருக்கு ஏதாவது செய்யக் கொடுக்க வேண்டுமே என்று, கட்டில் விரிப்பின் இரண்டு முனைகளை எடுத்து நீட்டினாள். வீட்டில் அவள் எப்போதும் தாடையில் ஒரு முனையை அழுத்திக்கொண்டு தனியாக மடிப்பவள். அவர் வாங்கிக்கொண்டு பின்னால் போனார். உதறினார்கள். நீளவாக்கில் ஒன்று. மறுபடி ஒன்று. பிறகு முனையோடு முனை சேர்க்க அவர் நடந்து வந்தார்.

அவள் அவர் கையிலிருந்து முனைகளை வாங்கும்போது அண்ணன் மேஜையைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

“என்னைப் பத்திக் கேட்டாளா?” என்றார். “இத்தன நாள்ல. ஒரு தடவையாவது?”

செத்த கிழவியை ஒன்பது மாதம் உயிரோடு வைத்திருந்தவள் அவள். கேட்டாங்க அண்ணா, ஒவ்வொரு வாரமும் கேட்டாங்க. மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிடலாம். அவள் விரிப்பை இன்னொரு மடிப்பு மடித்தாள். அதற்கு மேல் மடிக்க அதில் இடமில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் காத்திருந்தார். யாரோ இறங்குவதற்கு இடம் விடுவது போல, ஒரு நொடியை விடச் சற்று அதிகமாகவே காத்திருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பின்கதவு வழியாக வெளியே போனார்.