சோதனைப் பிரிவில் ஒரே ஒரு பெண்

அந்த வாரப் பத்திரிகை அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘கேன்டீன் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு ராமி என்று நினைத்துவிட வேண்டாம். எந்தக் கம்பெனியைப் பற்றி எழுதப் போனாலும், கண்ணாடி அறையில் உட்காரவைத்து பிஸ்கட் தட்டை நீட்டுகிற மனிதவள அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேரே கேன்டீனுக்குப் போய்விடுவாள். மேலாளர் உள்ளே நுழையும்போது அங்கே பேச்சு நிற்கிறதா, தொடர்கிறதா என்று பார்ப்பாள். அவளுடைய ஆராய்ச்சியில் பாதி அதுதான். மீதிப் பாதி ஒரு கேள்வி: “கடைசியா ஒரு தப்பு பண்ணீங்களே, அதை முதல்ல யார்கிட்ட சொன்னீங்க?” மேலதிகாரியிடம் என்று பதில் வந்தால் அது நல்ல இடம். யாரிடமும் சொல்லவில்லை என்று வந்தால் கதை கந்தல்.

பங்கு விலைகளை எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, யாரோ லீவில் போன ஒரு வாரத்தில், இந்த வேலை தானாக வந்து விழுந்தது. அப்புறம் ஒட்டிக்கொண்டது. வருடாவருடம் அவள் எழுதும் ‘வேலைக்கு ஏற்ற இடங்கள்’ சிறப்பிதழைக் கம்பெனிக்காரர்கள் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள். படித்துவிட்டு வேலையை மாற்றிக்கொண்டவர்கள் நன்றி சொல்லி போன் செய்வார்கள்.

இவ்வளவு கூர்மை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள். நான் சொல்லிவிடுகிறேன்: அவள் சரியான பயந்தாங்கொள்ளி. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே, வருவது ஆசிரியர்தானா, இன்றைக்கு எந்த மனநிலையில் வருகிறார் என்று கணித்துவிடுகிறவள். பயம் அவளுக்குப் பழகின வாசனை. அடுத்தவர் கட்டடத்தில் அது அடித்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். “ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நல்ல ஆபீஸ் தேடித் தர்றியே, உனக்கு ஒண்ணு சிக்கலையா?” என்று கணவர் கிண்டல் செய்வார். அவள் சாம்பார் கரண்டியைக் காட்டி மிரட்டுவாள்.

ஆசிரியர் அப்படிப்பட்டவர். பிழை விட்ட துணை ஆசிரியரை ஒருமுறை நாற்காலிமேல் ஏறி நிற்கவைத்து, எல்லோர் முன்னாலும் அந்தப் பிழையை உரக்கப் படிக்கச் சொன்னார். அந்தப் பையன் மறுநாளிலிருந்து வரவில்லை. அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் யாரும் பிழை செய்வதில்லை. அதாவது, செய்ததாகச் சொல்வதில்லை.

இந்த வருடச் சிறப்பிதழ் அச்சுக்குப் போன காலை, முதல் பிரதி அவள் மேசைக்கு வந்தது. மோட்டார் பம்ப் தயாரிக்கும் கம்பெனிக்கு நடுப்பக்கம் கொடுத்திருந்தாள். நல்ல கம்பெனிதான், ஒரே ஒரு குறையை மட்டும் மறைக்காமல் எழுதியிருந்தாள். சோதனைப் பிரிவில் மேற்பார்வையாளர் கத்துகிற கத்தலுக்குப் பயந்து, ஒழுகும் பம்பைக்கூடச் சரி என்று தள்ளிவிடுகிறார்கள். இதைச் சொன்ன பெண்ணின் பெயரைப் போடவில்லை, வயதைப் போடவில்லை. ஆனால் எழுத்தில் கொஞ்சம் உயிர் இருக்கட்டுமே என்று, ‘பிரசவ விடுப்பு முடிந்து அண்மையில் திரும்பிய ஊழியர் ஒருவர்’ என்று சேர்த்திருந்தாள். எழுதும்போது அந்த வரி அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பக்கத்திலேயே கம்பெனி அனுப்பிய படம். சோதனைப் பிரிவு ஊழியர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அத்தனை பேரும் ஆண்கள். ஓரத்தில் ஒரே ஒரு பெண், சிரித்துக்கொண்டு.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியது யார் என்று இனி யாரும் தேட வேண்டியதே இல்லை. அந்தப் பெண் கேன்டீனில் காதோடு காதாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. “அக்கா, வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு. என் சம்பளத்துலதான் குழந்தைக்குப் பால் பவுடர். நான் சொன்னேன்னு மட்டும் தெரியவே கூடாது.” தெரியாது என்று இவள் அந்தக் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

அச்சு இயந்திரத்தை நிறுத்த ஆசிரியர் ஒருவரால்தான் முடியும். எழுந்தாள். கதவு வரை போனாள். உள்ளே அவர் யாரிடமோ போனில் எரிந்து விழுவது கேட்டது. திரும்பிவந்து தண்ணீர் குடித்தாள். மறுபடி போனாள், இப்போது உள்ளே சத்தமே இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவினாள். ‘யார் அவ்வளவு உன்னிப்பாகப் படிக்கப் போகிறார்கள்’ என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். கண்ணாடியில் இருந்தவள் நம்பவில்லை. மேசைக்கு வந்து உட்கார்ந்து, பிரதியைக் கவிழ்த்து வைத்தாள். பாதிக் காலை அப்படியே போய்விட்டது.

கடைசியில் எப்படி உள்ளே போனாள் என்று அவளுக்கே தெரியாது. எப்படியோ சொல்லி முடித்தாள்.

ஆசிரியர் கத்தவில்லை. போனை எடுத்து, “மெஷினை நிறுத்து” என்றார். பிறகு அவளைப் பார்த்தார்.

“எப்பத் தெரிஞ்சது உனக்கு?”

“காலையில சார். பிரதி வந்த உடனே.”

“உடனே வந்திருக்கலாமே?”

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல், போனில் அச்சுக்கூட ஃபோர்மன் சொல்வதைக் கேட்டார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அவளுக்கும் கேட்டது.

“நிறுத்திட்டேன் சார். எல்லாக் கட்டும் இங்கதான் இருக்கு. பம்ப் கம்பெனி கட்டு மட்டும் அரை மணி முன்னாடியே வண்டியில போயிடுச்சு. பாராட்டு வந்த கம்பெனி முதல் கட்டை வாங்கிக்கும்ல, வழக்கம்தானே.”

ஊர் முழுக்கப் படித்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. யார் படிக்கக் கூடாதோ, அவர்களுக்கு மட்டும் போயிருந்தது. ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். முதல்முறையாக அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அவள் வெளியே ஓடிவந்து அந்தப் பெண்ணுக்கு போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும் பின்னால் கைதட்டலும் சிரிப்பும்.

“அக்கா! உங்களைத்தான் நினைச்சேன். புத்தகம் வந்துடுச்சு. எம்.டி.யே வந்து ஆளுக்கொண்ணு கையில கொடுக்கறாரு. என் போட்டோகூட வந்திருக்காமே! இன்னும் பிரிக்கல, எங்க வரிசைக்கு இப்பத்தான் வர்றாங்க.”

“நான் சொல்றதக் கொஞ்சம் கேளும்மா,” என்றாள். கேட்க வைத்தாள். அந்த வரியையும் பக்கத்துப் படத்தையும் சொன்னாள், ஒரு வார்த்தையையும் மென்று முழுங்கவில்லை.

மறுமுனையில், கைதட்டலுக்கு நடுவே, ரொம்பச் சின்னக் குரலில்: “எங்க சூப்பர்வைசர் பிரிச்சுட்டாருக்கா. அந்தப் பக்கம்தான் படிக்கறாரு.”

“நான் வர்றேன். இதோ ஆட்டோ பிடிச்சு வர்றேன். தப்பு என்னோடதுன்னு, நீ எதுவுமே சொல்லலன்னு, எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்.” அவள் சத்தியமாகப் போயிருப்பாள். அந்த நிமிடம் அவளுக்கு யாரிடமும் பயமில்லை.

“ஐயோ, வேணாம்க்கா,” என்றாள் அந்தப் பெண். “நீங்க வந்து என் பக்கத்துல நின்னா, சொன்னது நான்தான்னு அவருக்கு உறுதியாயிடும். நீங்க வராதீங்க. எனக்கு போனும் பண்ணாதீங்க.”