துணைக்கு வந்த மாமா

அன்று குடியுரிமை பதிகிற ஆபீஸ் வராந்தாவில் இருந்தவர்கள்: அம்மாவின் அண்ணனான என் மாமா, ஒன்பது வயது நான், தெங்கேராவிலிருந்து வந்த சீனத் தையல்காரர், அவருடைய மகள், கைக்குழந்தையோடு ஒரு தமிழ்ப் பெண், சட்டைப் பையில் பேனா குத்தியிருந்த மளிகைக் கடைக்காரர், மேசைக்குப் பின்னால் மலாய் அதிகாரி, அவர் பக்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் தமிழ்க் கிராணி. குழந்தையையும் சேர்த்து ஒன்பது பேர். எத்தனையோ தடவை எண்ணிவிட்டேன். யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று யோசிக்க ஆரம்பித்தால், அது சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து நிற்கும்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து அடுத்த வருடம் அது. மாமா இந்தியாவில் பிறந்து சின்ன வயதில் பிழைக்க வந்தவர். பெயரைப் பதிந்துகொண்டால் இந்த நாட்டுக்காரர். கேட்கிற நாலு கேள்விக்கு மலாயில் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மாமாவுக்கு டவுனில் சாக்கடை அள்ளுகிற வேலை. காஜா பேராங்கில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். வேலை விட்டு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் எங்கள் நாற்காலியில் உட்கார மாட்டார், வாசற்படிதான். அதற்காக அவரைப் பயந்தவர் என்று சொல்லிவிட முடியாது. உஜோங் பாசிர் கடலில் ஒரு படகு கவிழ்ந்தபோது, கரையில் நின்ற அத்தனை பேரும் கத்திக்கொண்டிருக்க, இறங்கிப் போய் இரண்டு பேரை இழுத்து வந்தவர் அவர்தான். பிழைத்தவர்கள் ஒரு கோழியும் கட்டிக்கொள்ளப் புதுச் சாரமும் எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். மாமா அடுப்படி வழியாக ஓடிப்போய் விட்டார். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? வேற யாராச்சும் நல்ல ஆளாப் பாத்துக் குடுக்கச் சொல்லு" என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனாராம். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். கோழியை நாங்கள்தான் சாப்பிட்டோம்.

மாமாவுக்கு மலாய்க் கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு அம்மா; மலாயில் அத்தை என்கிற மாதிரி அவரை மக்சிக் என்போம். அவர்கள் பல தலைமுறைக்கு முன்பே வந்து இங்கேயே ஊறிப்போன செட்டிக் குடும்பம். நெற்றி நிறைய விபூதி இருக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். மக்சிக் அதிகாரி மாதிரி விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்பார். மாமா கைகட்டி நின்று, "இருபத்திரண்டு வருஷம், துவான்" என்று மலாயில் சொல்வார். மக்சிக்கையே, ஐயா என்கிற மாதிரி, துவான் என்று சொன்னதற்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் பதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதை அன்றைக்கு அவரிடம் யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "கடல்ல குதிச்ச ஆளு, ஒரு மேசைக்குப் பயப்படுறாரு பாரு" என்று அப்பா கேலி செய்தார். அம்மா, "தலையத் தூக்கிப் பேசுண்ணே" என்று சொல்லி, தைரியத்துக்கு என்னைக் கூட அனுப்பினாள்.

கதவு திறக்கும் முன்பே போய்விட்டதால் நாங்கள்தான் வரிசையில் முதல். பின்னால் தையல்காரரும் மகளும் வந்தார்கள். வயதானவர் என்று மாமா விலகி அவர்களுக்கு வழிவிட்டார். அப்புறம் அந்தப் பெண்.

"நீ போம்மா. புள்ள அழுவுது."

"நல்லா இருப்பீங்கண்ணே" என்றாள் அவள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைக்காரர் வந்து, "என்னப்பா, வரிசையில நிக்கிறியா, வேடிக்க பாக்குறியா?" என்றார்.

"நீங்க போங்க மொதலாளி. உங்களுக்குக் கடையிருக்கும்."

அதற்குப் பிறகு வழிவிட ஆள் இல்லை. கிராணி தலையை நீட்டி, "அண்ணே, வாங்க. நீங்கதான் கடைசி. மத்தியானத்தோட மூடிருவோம்" என்று நல்லவிதமாகத்தான் கூப்பிட்டார். மலாய் அதிகாரிகூடச் சிரித்தார். மாமா என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"நான் இல்லீங்கய்யா. இந்தப் புள்ளைக்குத் துணையா சும்மா வந்தேன்."

"அப்ப காலையிலேருந்து எதுக்குய்யா நிக்கிற?" தன் வேலை முடிந்து நின்ற கடைக்காரர் சிரித்தார்.

கிராணி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அப்படியா பாப்பா?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு தெரியாத நாட்களில் நான் வயிற்று வலி என்று சொல்வது வழக்கம். மாமாவும் அப்படித்தான் சொல்கிறார், காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். தலையை ஆட்டினேன்.

வெளியே வந்ததும், "கூட்டம்னு அம்மாகிட்ட சொல்லிடு, ஆத்தா. அடுத்த வாரம் வருவோம்" என்றார். சொன்னேன். அடுத்த வாரமும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும். அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, குடியுரிமை இல்லாமல் சிவப்புக் கார்டு வைத்திருந்தவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. போய் எழுதிக் கேளுங்கள் என்று அப்பா மன்றாடினார். "நம்ம போயி என்னத்தப் பேசறது, மச்சான்" என்றார் மாமா. இரண்டு மாதத்தில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அங்கே அவரைத் தெரிந்த ஒருவர்கூட உயிரோடு இல்லை. யாரையோ பிடித்து எழுதிய கடிதங்கள் வந்தன. மழை எப்படி, மக்சிக் வீட்டுப் பின்பக்கச் சாக்கடை இப்போதும் அடைத்துக்கொள்கிறதா, யார் வந்து அள்ளுகிறார்கள் என்றெல்லாம் கேட்டிருப்பார். ஒவ்வொன்றின் அடியிலும், பதில் போடச் சிரமமாக இருந்தால் போட வேண்டாம் என்று இருக்கும். நான் போட்டேன், ஒன்றுவிடாமல் போட்டேன். நான்காவது வருடம் அவரிடமிருந்து வருவது நின்றது. அதன் பிறகும் இரண்டு எழுதினேன்.

இந்தத் தெருவில் அவர் உட்காராமல் போன நாற்காலி எத்தனை! ஒரு தடவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போகமாட்டாரா என்று இந்த வயதிலும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஐஸ் உருண்டை வாங்கிக் கையில் கொடுத்து, என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சிவப்புச் சர்க்கரைப் பாகு அப்பாவின் வெள்ளைச் சட்டையில் சொட்டியது; அவர் கவனிக்கவில்லை. அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. பரீட்சைக்குத் தப்பித்த சந்தோஷம் என்றே நினைத்தேன். அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு காஜா பேராங் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். தோளில் இருந்தவளுக்கு அவர் முகம் தெரியவில்லை.